ஐடா ஸ்கடர் அம்மையாரும் என் தையல் லைனும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும், கம்பெனியில் மேற்பார்வைப் பொறுப்பில் இருப்பவர்கள் தொழிலாளர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள் என்று பேரவைத் தம்பிகள் என்னிடம் வந்து கேட்டபோது, உண்மையைச் சொன்னால் எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. என் லைனில் வேலை செய்கிற அக்காமார்கள் யாராவது அந்த நேரம் பக்கத்தில் இருந்திருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பார்கள். ஏனென்றால் பேசத் தெரியாமல் பேசி, ஒருத்தர் கையைக் கெடுத்தவன் நான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் ஐடா அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனி. இந்தப் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்து, சில வருஷத்தில் அப்பர் தைக்கிற லைனுக்கு சூப்பர்வைசர் ஆனேன். என் லைனில் நாற்பது பேர், பெரும்பாலும் பெண்கள். விடியற்காலையில் சமைத்து வைத்துவிட்டு, பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ் பிடித்து வருகிறவர்கள். நம்ம தொழிலில் ஊசி உடைந்தால் என்ன விதி என்பது உங்களில் இன்ப்ளாண்ட் டிரெய்னிங் போனவர்களுக்குத் தெரியும். உடைந்த துண்டு அத்தனையும் கிடைத்தால்தான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் லைனை நிறுத்தித் தேட வேண்டும். ஷூவுக்குள் அந்தத் துண்டு போய், வெளிநாட்டில் ஒரு குழந்தையின் காலில் குத்தினால் கதை முடிந்தது.

ஒரு நாள் ஷிப்மெண்ட் நெருக்கடி. அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா ஊசி உடைந்துவிட்டது என்று எழுந்து நின்றார். அரை மணி நேரம் லைன் நின்றது. எல்லார் முன்னாலும் அவரை நான் என்னென்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது. வயதில் என் பெரியம்மா மாதிரி இருப்பவர். கம்முனு நின்றிருந்தார்.

அடுத்த வாரமே இன்னொரு பெண்ணுக்கு ஊசி விரலில் இறங்கி உள்ளேயே உடைந்துவிட்டது. அவர் சொல்லவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு, பக்கத்து மெஷினிலிருந்து கமுக்கமாக ஓர் ஊசியை வாங்கி மாட்டி வேலையை ஓட்டிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் தெரியும். அவர்களும் சொல்லவில்லை. நான்காம் நாள் கை மணிக்கட்டு வரை வீங்கி, வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுதான் எனக்குத் தெரியும். ஏம்மா சொல்லலை என்று கேட்டேன். அந்தப் பெண் பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய வீட்டுக்காரர்தான் மெதுவாக, போன வாரம் நடந்ததைப் பார்த்துப் பயந்துவிட்டது சார் என்றார்.

அன்று ஆஸ்பத்திரியில் காத்திருந்த நேரத்தில் சுவரில் மாட்டியிருந்த ஐடா ஸ்கடர் அம்மையாரின் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நம்ம ஊர்ப்பக்கத்தில் பிறந்தவர் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. பிறகுதான் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, இந்த அம்மாவின் வாழ்க்கை முழுக்க ஒரே விஷயத்தைச் சுற்றி வருகிறதே என்று பட்டது. சொல்லாமல் மறைக்கிறவர்களைச் சொல்ல வைப்பது எப்படி? அதற்காகவே அறுபது வருஷம் பாடுபட்டிருக்கிறார்.

ஐடா சோபியா ஸ்கடர் 1870 டிசம்பர் 9ஆம் தேதி பிறந்தார். பிறந்த ஊர் ராணிப்பேட்டை! நாம் இன்று தோல் பதனிடும் தொழிலுக்காகப் பேர் சொல்கிற அதே ராணிப்பேட்டைதான். தாத்தா ஜான் ஸ்கடர் 1819இல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு மருத்துவ மிஷனரியாகக் கப்பலேறியவர், பிறகு சென்னைக்கு வந்தவர். அப்பாவும் டாக்டர். சித்தப்பா, பெரியப்பா என்று குடும்பமே இந்த ஊழியத்தில் இருந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்களே, 1876 முதல் 1878 வரை நடந்த அந்தக் கொடுமையைக் குழந்தையாக இருந்து பார்த்தவர். பசியில் கையைக்கூடத் தூக்க முடியாத பிள்ளைகளுக்கு இந்தச் சின்னப் பெண் ரொட்டித் துண்டை ஊட்டியிருக்கிறார். அதைப் பார்த்த பெண்ணுக்கு இந்தியாவே வேண்டாம் என்று ஆகிவிட்டது. அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர், அங்கேயே கல்யாணம், குடித்தனம் என்று இருந்துவிடத்தான் ஆசைப்பட்டார். தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று 1890இல் திண்டிவனத்துக்கு வந்ததுகூடக் கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போகலாம் என்றுதான்.

அங்கேதான் அந்த இரவு. வேலூரில் பலருக்கும் தெரிந்த கதைதான், இருந்தாலும் சொல்கிறேன். ராத்திரி ஒரு பிராமண இளைஞர் வந்து கதவைத் தட்டுகிறார். சின்ன வயது மனைவிக்குப் பிரசவ வேதனை, காப்பாற்ற வேண்டும். ஐடா, நான் டாக்டர் இல்லை, அப்பாதான் டாக்டர், அவரை அழைத்து வருகிறேன் என்கிறார். வந்தவர் தலையசைத்துவிட்டுப் போய்விடுகிறார். வேற்று ஆண் வந்து பார்ப்பதை அவர்கள் குடும்பம் ஒத்துக்கொள்ளாது. பிறகு ஒரு முஸ்லிம் அன்பர் வருகிறார், அதே கோரிக்கை, அதே பதில். மூன்றாவதாக இன்னோர் இந்து அன்பர். அவரும் திரும்பிப் போனார். மறுநாள் ஊருக்குள் சாவு மேளம். ஆளை அனுப்பி விசாரித்தால் மூன்று பெண்களும் இறந்து போயிருந்தார்கள்.

இதில் என்னை உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு. ஐடாவுக்குத் தமிழ் தெரியும். வந்தவர்களும் தமிழில்தான் பேசினார்கள். ஒரு சொல்கூடப் புரியாமல் போகவில்லை. உதவியும் கையருகில் இருந்தது, பக்கத்து அறையில். ஆனாலும் பேச்சு போய்ச் சேரவில்லை. அந்த மூன்று பெண்களில் ஒருவரிடம்கூட யாரும் நேராக ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொல்ல வேண்டியவள் உள் அறையில், கேட்க வேண்டியவர் வெளித் திண்ணையில். நடுவில் பயமும் வழக்கமும் சுவர் மாதிரி. என் தையல் லைனிலும் அதே சுவர்தானே! சூப்பர்வைசர் மேஜைக்கும் மூன்றாவது மெஷினுக்கும் நடுவில் பத்தடி தூரம்கூட இல்லை.

நாள் முழுக்கத் தனியாக இருந்து யோசித்த ஐடா, தாய் தகப்பனிடம் போய், டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்றார். 1895இல் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரி, பிறகு நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரி. அங்கே பெண்களை அப்போதுதான் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள். 1899இல் பட்டம். இந்தியாவுக்குக் கிளம்புமுன் வேலூரில் பெண்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்டப் பணம் திரட்ட வேண்டியிருந்தது. வசதியான ஒரு மூதாட்டியின் வீட்டுக்குப் போய்த் திண்டிவனத்து இரவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த அறையில் இருந்த அவரது உறவினர், வங்கி நிர்வாகியான ஷெல் என்பவர், காதில் விழுந்ததைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். மறுநாள் ஐடாவைக் கூப்பிட்டனுப்பி, இறந்துபோன தன் மனைவி மேரி டேபர் ஷெல் பெயரில் ஆஸ்பத்திரி கட்டுங்கள் என்று 10,000 டாலர் கொடுத்தார். பணக்காரரைக் கவர வேண்டும் என்று ஐடா பேசவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த பாட்டிக்காகப் பேசினார். அவ்வளவுதான். நாம் இன்டர்வியூவுக்கும் மீட்டிங்குக்கும் என்னென்னவோ தயாரித்துக்கொண்டு போகிறோம்!

1900ஆம் வருஷத் தொடக்கத்தில் வேலூருக்கு வந்து சேர்ந்தார். சில மாதங்களிலேயே அப்பா இறந்துவிட்டார். டாக்டரய்யாவை நம்பின ஊர், டாக்டரம்மாவை நம்பவில்லை. பெண்ணாவது வைத்தியம் பார்க்கிறதாவது என்று யாரும் வரவில்லை. இதற்கு ஐடா என்ன செய்தார்? ஏன் வரமாட்டேன் என்கிறீர்கள் என்று ஊரைத் திட்டவில்லை. அவரோடு கூடவே வந்த தோழி ஆனி ஹான்காக், வீடு வீடாகப் போய்ப் பெண்களோடு உட்கார்ந்து பேசிப் பழகினார். கோஷா வீடுகளின் கதவு அப்படித்தான் திறந்தது. மருந்து பின்னால் போனது, பேச்சு முன்னால் போனது. பங்களாவில் இருந்த சின்ன அறைதான் முதல் ஆஸ்பத்திரி. வீட்டு வேலையாளின் மனைவி சலோமிதான் முதல் உதவியாளர். படித்த நர்ஸ் யாரும் இல்லாத நிலையில் அந்த அம்மாவுக்கே ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்துப் பழக்கினார். இரண்டு வருஷத்தில் 5,000 பேருக்கு வைத்தியம் பார்த்தார்கள். 1902இல் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது, 40 படுக்கைகள். பின்னாளில் அதுவே கண் ஆஸ்பத்திரி ஆனது.

ஆஸ்பத்திரி கட்டியாகிவிட்டது, இனி ஜனங்கள் தேடி வரட்டும் என்று அம்மா உட்கார்ந்துவிடவில்லை. குடியாத்தம் சாலையில் வாரம் ஒருமுறை வண்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். 1909இல் ஒரு பிரெஞ்சுக் கார் வந்தது, ஒற்றை சிலிண்டர் பியூஜோ. (மெக்கானிக்கல் மாணவர்கள் கவனிக்க! அந்த வண்டியை ஓடவைப்பதே தனி வித்தை.) மாடில்லாமல் ஓடுகிற வண்டியைக் கண்டு பிசாசு என்று ஜனங்கள் ஓடிய கதையெல்லாம் உண்டு. வழியில் குறிப்பிட்ட மரத்தடிகளில் வண்டி நிற்கும். புண், கண் வலி, தொழுநோய் என்று எல்லாரும் அங்கே காத்திருப்பார்கள். இன்றைக்கு அந்தச் சாலையில் கம்பெனி பஸ்களும் தோல் லாரிகளும் ஓடுகின்றன. என் லைன் பெண்களில் சிலர் அந்த வழியாகத்தான் வேலைக்கு வருகிறார்கள்.

மரத்தடியில் நடந்ததைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மேஜை கிடையாது, சீட்டு கிடையாது, பியூன் கிடையாது. அவர்கள் ஊரில், அவர்கள் மரத்தடியில், அவர்கள் பாஷையில் பேச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்தால் வாய் திறக்காதவர்கள் அங்கே நோயைச் சொன்னார்கள். மறைத்து வைத்த புண்ணைக் காட்டினார்கள். கூடப் போன நர்ஸ்களும், பிறகு மாணவிகளும் அதைப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள். நர்ஸ் பயிற்சியும் அதே 1909இல், டீலியா ஹவ்டன் என்ற நர்ஸ் அம்மையாரின் பொறுப்பில் தொடங்கியது.

இங்கே நம்ம தொழிலுக்கு வேண்டிய ஒரு விஷயம். பின்னாளில், 1946 கடைசியில், பால் பிராண்ட் என்ற சர்ஜன் இதே வேலூருக்கு வந்தார். தொழுநோயாளிகளின் கையையும் காலையும் ஆராய்ந்தவர். விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால்தான் கெடுகின்றன என்று எடுத்துக் காட்டினார். ஆணி ஏறினாலும் தெரியாது, அதன்மேலேயே நடந்துகொண்டிருப்பார்கள். அந்தக் கால்களுக்காக மைக்ரோசெல்லுலார் ரப்பர் வைத்த செருப்புகள் காரிகிரியில் செய்யப்பட்டன. புட்வேர் படிக்கிற தம்பி தங்கைகள் ஒருமுறையாவது இதைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு இதைப் படித்தபோது என் லைன்தான் ஞாபகம் வந்தது. என் சத்தத்தால் என் லைனுக்கு நானே வலி தெரியாமல் பண்ணிவிட்டிருந்தேன்.

ஐடா அம்மாவின் பெரிய காரியம் 1918 ஆகஸ்டில் தொடங்கிய பெண்கள் மருத்துவப் பள்ளி. எத்தனை பேருக்குத்தான் ஒருத்தியால் வைத்தியம் பார்க்க முடியும், இந்த நாட்டுப் பெண்களே டாக்டர் ஆனால்தான் தீரும் என்ற எண்ணம். சென்னை மாகாண சர்ஜன் ஜெனரலுக்கு நம்பிக்கை இல்லை. மூன்று விண்ணப்பம் வந்தால் பெரிது என்ற மாதிரி பேசினார். வந்த விண்ணப்பங்களில் யாரை விடுவது என்று திணற வேண்டியதாயிற்று. 17 பேரைச் சேர்த்துக்கொண்டார். கட்டடம் சரியாக இல்லை, வாத்தியார்கள் இல்லை. உடற்கூறு பாடத்தை அவரே எடுத்தார். ஆண்கள் பள்ளிகளிலேயே ஐந்தில் ஒருவர்தான் தேறுகிறார், உங்கள் பெண்கள் தோற்றால் மனம் தளராதீர்கள் என்று அதிகாரி முன்கூட்டியே ஆறுதல் சொல்லிவைத்தார். முதல் பரீட்சை முடிவு வந்தது. எழுதிய 14 பெண்களும் பாஸ்! அந்த 14 பேரும் 1922இல் பட்டயத்தோடு வெளியே வந்தார்கள். 1924இல் தோட்டப்பாளையத்தில் பெரிய ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. 1928இல் பாகாயத்தில் கல்லூரிக்கு அடித்தளம் போட்டார்கள். மகாத்மா காந்தி வந்து பார்த்ததும் அதே வருஷம்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் ஏறுமுகம். நான் அதிகம் படித்துப் பார்த்தது இதற்கப்புறம் நடந்ததைத்தான். 1930களின் கடைசியில் சென்னை அரசாங்கம் எல்.எம்.பி. படிப்பை நிறுத்திவிட்டது. இனி எம்.பி.பி.எஸ். மட்டும்தான். அந்தத் தரத்துக்கு உயர்த்தப் பணமும் பேராசிரியர்களும் வேண்டும். இல்லாவிட்டால் இழுத்து மூட வேண்டியதுதான். ஐடாவுக்கு அப்போது ஏறக்குறைய எழுபது வயது. டென்னிஸ் மட்டும் விடாமல் ஆடிக்கொண்டிருந்தார் என்கிறார்கள்! 1941இல் மறுபடியும் அமெரிக்காவுக்குக் கிளம்பினார். உலக யுத்த காலம். ஊர் ஊராகப் போய்ப் பேசினார்.

அங்கே ஒரு சிக்கல். பல மிஷன்கள் ஒன்றுசேர்ந்து நடத்தினால் கல்லூரி பிழைக்கும். ஆனால் அப்படிச் சேர வேண்டுமானால் ஆண்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெண்களுக்காகவே தொடங்கிய பள்ளி அது. பணம் கொடுத்தவர்களும் அமெரிக்கப் பெண்கள், அதுவும் பெண்களுக்கென்றே கொடுத்தவர்கள். இந்தியப் பெண்கள் கல்லூரிகளுக்காக 1920களில் பெரும் நிதி திரட்டிய லூசி பீபாடி அம்மையார் ஐடாவின் நெடுநாள் தோழி. அவரே கடுமையாக எதிர்த்தார். ஐடாவுக்கும் ஆரம்பத்தில் மனம் ஒப்பவில்லை. வருஷக்கணக்கில் யோசித்துத்தான், கல்லூரி இருக்க வேண்டுமானால் கதவைத் திறக்கத்தான் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

இந்த முடிவை ஒரு கடிதத்தில் எழுதி அனுப்பிவிட்டுக் கம்முனு இருந்திருக்கலாம். வேறு யாரையாவது சொல்லச் சொல்லியிருக்கலாம். நம்மில் எத்தனை பேர் கெட்ட சேதியை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டு மறுபக்கம் நழுவுகிறோம்! அந்த அம்மா, முப்பது நாற்பது வருஷமாகத் தனக்குக் கொடுத்துவந்த பெண்கள் நடுவிலேயே நின்று, என் எண்ணம் மாறிவிட்டது, காரணம் இது என்று விளக்க வேண்டியிருந்தது. ஏற்றுக்கொண்டவர்களும் உண்டு, வருத்தப்பட்டு விலகினவர்களும் உண்டு. நட்பு போனது. அந்த நாட்களில்தான், 1944இல், கூடவே இருந்து தன் சொத்தையும் செலவழித்த உயிர்த்தோழி கெர்ட்ரூட் டாட் இறந்தார். அதையும் தாங்கிக்கொண்டு வேலூருக்குத் திரும்பினார். 1947இல் ஆண் மாணவர்களும் சேர்ந்தார்கள். பெண்களுக்கு இருந்த இடம் போய்விடவும் இல்லை. பிறகு கல்லூரிப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் ஹில்டா லாசரஸ் என்ற பெண்மணி.

1946இல் ஐடா அம்மா பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். கடைசிக் காலம் கொடைக்கானலில். 1960 மே 24ஆம் தேதி அங்கே காலமானார், 89 வயது. 2022இல் அவர் பிறந்த ராணிப்பேட்டையிலும் சி.எம்.சி.யின் புது வளாகம் திறந்தாகிவிட்டது.

என் லைனுக்கு வருகிறேன். அந்தப் பெண்ணின் விரலிலிருந்து ஊசித்துண்டை எடுத்தார்கள். விரல் பிழைத்தது, ஆனால் முன்போல் முழுசாக மடங்காது. வேலைக்குத் திரும்பி வந்த அன்று நாற்பது பேர் முன்னாலும், அன்று நான் பேசியது தப்பு என்று சொன்னேன். வயதான அந்த அம்மாவைப் பார்த்துத் தனியாகவும் ஒருமுறை சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது. அவர் சரிப்பா என்று மட்டும் சொன்னார், வேறு ஒன்றும் பேசவில்லை. அதற்கப்புறம் ஊசி உடைந்தது என்று யார் எழுந்தாலும் முதலில் விரலைக் காட்டச் சொல்கிறேன், துண்டை அப்புறம் தேடுகிறோம். ஆனாலும் நாலு மாசம் என் லைனில் ஓர் ஊசிகூட உடையவில்லை! தையல் மெஷின் தெரிந்த யாரும் இதை நம்பமாட்டார்கள். நானும் நம்பவில்லை. காத்துக்கொண்டிருந்தேன்.

போன மாசம் ஒரு புதன்கிழமை, டார்கெட் நெருக்கடி, மதியம் மூன்று மணி. கை தூக்கியது அந்தப் பெண்தான், மடங்காத விரல் இருக்கிற கை. லைன் நின்றது. எல்லாரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். இருபது நிமிஷம் தேடி, கடைசியில் மேஜைக்கடியில் நூல் கழிவுக்குள் துண்டு கிடைத்தது. அன்றைக்குக் கணக்கில் ஜோடிகள் குறைந்தன. ஏன் குறைந்தது என்று மாடியில் மேனேஜர் அறையில் போய்ச் சொல்ல வேண்டியவன் நான். துண்டை ஒட்டிய ரிஜிஸ்டரைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினேன்.